எங்கள் வாசிகசாலையின் மேற்சபை

எனக்குப் பொறுமை கிடையாது. சுடச்சுடப் புட்டை வாயில் போட்டு நாக்கைப் பொசுக்கிக்கொண்டு, அதன் பிறகு சொதியைத் தேடுகிற ஆள் நான். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த தரிப்பை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழியில் பஸ் என்னைக் கடந்து போய்விடும். இப்படிப்பட்ட ஒருவன் யாப்பில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நாட்டின் அரசியல் யாப்பில் நான் கை வைக்கவில்லை. அளவெட்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் வாசிகசாலையின் யாப்பில் வைத்தேன்.

மேற்சபை என்ற சொல்லை முதலில் கேட்டது ஐம்பத்தாறில். எனக்குப் பன்னிரண்டு வயது. சிங்களம் மட்டும் என்ற சட்டம் கொழும்பில் நிறைவேறிவிட்டது என்று றேடியோ சொன்னபோது ஐயா, என் தகப்பனார், முற்றத்தில் புகையிலை கட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உது கீழ்ச்சபையிலைதான் பாஸாகியிருக்கு. மேலை இன்னொரு சபை இருக்கு. படிச்ச ஆக்கள், வோட்டுக் கேட்டு வராத ஆக்கள். அவை நிப்பாட்டுவினம்" என்றார்.

சில கிழமை ஐயா அதை நம்பிக்கொண்டு திரிந்தார். தோட்டத்தில், சந்தியில், செத்த வீட்டில் என்று கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். பிறகு அந்தச் சபையும் கை உயர்த்தியது. ஐயா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் மட்டும் பன்னிரண்டு வயதிலேயே ஒரு முடிவுக்கு வந்தேன். மாட்டை மறிக்காத கதியால் தடியை வேலியில் ஏன் வைத்திருக்க வேண்டும்? பிடுங்கி அடுப்பில் வைத்தால் ஒரு நேரத்துக்குச் சோறாவது வேகும்.

அதே சட்டத்தால் எங்கள் ஊருக்கு ஒரு மனிதர் திரும்பி வந்தார். கொழும்புக் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கராக இருந்தவர். இந்த வயதில் சிங்களம் படித்துச் சோதினை எழுதமாட்டேன் என்று வேளைக்கே ஓய்வு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஊரில் அவருக்குப் பெரிய கிளாக்கர் என்று பெயர். கொழும்பிலிருந்து அவர் கொண்டுவந்தவை ஒரு குடை, ஒரு சுவர் மணிக்கூடு, நாட்டின் அரசியல் யாப்பின் ஒரு பிரதி. குடையை வெயிலுக்கும் மணிக்கூட்டை வீட்டுக்கும் பயன்படுத்தினார். யாப்பை எங்கள் வாசிகசாலைக்குப் பயன்படுத்தினார்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை வாங்கினாலும் அதற்கொரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு யாப்பு வேண்டும். நாலு ஊரில் விசாரித்துப் பாருங்கள், நான் சொல்வது பொய்யில்லை என்பது தெரியும். ஆனால் இரண்டு சபை வைத்த வாசிகசாலை எங்களுடையது ஒன்றுதான். இரண்டு அறை, உட்கார மூன்று வாங்கு, பத்திரிகை வைத்து வாசிக்கச் சரிவான ஒரு பலகை, மூலையில் ஒரு மண்பானை. இவ்வளவுக்கும் வருடாவருடம் தெரிவாகும் ஒன்பது பேர் கொண்ட நிர்வாக சபை. அதற்கு மேலே, பெரிய கிளாக்கர் தலைமையில், ஆயுட்காலத்துக்கு நியமிக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட மேற்சபை. ஐவரில் ஒருவர் செத்தால் மிச்ச நால்வர் கூடி இன்னொருவரைப் போடுவார்கள். ஊர் அவர்களை 'செனற்றர்மார்' என்று பகிடி பண்ணியது. அவர்கள் அதைப் பகிடி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

விதி இதுதான். நிர்வாக சபை யாப்பில் எதை மாற்றினாலும் அது மேற்சபைக்குப் போக வேண்டும். மேற்சபை அதை மறுக்க முடியாது. ஆனால் திருப்பி அனுப்பலாம், இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் அந்தத் தீர்மானம் ஆறு மாதம் மேசையில் கிடக்க வேண்டும். இரண்டாவது ஆறு மாதமும் முடிந்தால் அது தானாகவே சட்டமாகிவிடும். அதாவது, ஐந்து கிழவர்கள் நினைத்தால் ஊரை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாம், அதற்கு மேல் முடியாது.

எழுபதாம் ஆண்டு எனக்கு இருபத்தாறு வயது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். வாசிகசாலையின் செயலாளரும் நான்தான், ஏனென்றால் கூட்டக்குறிப்பை அன்றைக்கே எழுதி முடிக்கிறவன் ஊரில் நான் ஒருவன்தான்.

பின்னேரங்களில் யன்னலோரம் நின்று பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பேன். உள்ளே இருந்தவர்கள் எனக்குத் தொண்டை தினவு என்று நினைத்தார்கள். நான் வாசித்தது வெளியே நின்ற ஒருவனுக்காக. அவன் தெற்கு ஒழுங்கையைச் சேர்ந்தவன். அந்த ஒழுங்கைச் சனம் எங்கள் கோயிலுக்குள் வரக்கூடாது, எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாது, எங்கள் வாங்கில் இருக்கக்கூடாது. இதை எந்த யாப்பிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த விதிகளை மீறியவர்கள் ஊரில் எத்தனையோ பேர். எழுதாத இந்த விதியை மட்டும் ஒருவரும் மீறவில்லை.

அவனும் நானும் ஒரே வருடம் எஸ்.எஸ்.சி. எழுதினோம். அவன் என்னைவிடத் திறமாகப் பாஸானான். நான் வாத்தியாரானேன். அவன் சந்தியிலுள்ள சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டினான். அரசாங்க வேலைக்கு வயதெல்லை அவனை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை விளம்பரம் வரும் அரசாங்க வர்த்தமானி ஊரிலேயே எங்கள் வாசிகசாலைக்கு மட்டும்தான் வந்தது. அதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆகவே கிழமைக்கு ஒரு நாள் பத்திரிகைக்குப் பதிலாக வர்த்தமானியை வாசிப்பேன். அவன் சைக்கிள் சீற்றில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு எழுதுவான்.

"மாஸ்ரர், நீர் கோச்சி பிடிக்க ஓடுற மாதிரி வாசிக்கிறீர். என்ரை கை ஓடேல்லை" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்வான். நான் ஒவ்வொரு கிழமையும் அதே வேகத்தில்தான் வாசித்தேன்.

அந்த வருடத் தேர்தலுக்குப் பிறகு கொழும்பு மேற்சபையை ஒழிக்கப் போகிறார்கள் என்ற செய்தி அடிக்கடி வந்தது. எனக்கு அது தித்தித்தது. ஒரு நாள் அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்தேன்.

"ஒழியட்டும். ஐம்பத்தாறிலை என்னத்தைக் கிழிச்சவை?" என்றேன்.

அவன் சைக்கிள் ஹான்டிலில் சாய்ந்து நின்றான். "ஒண்டும் கிழிக்கேல்லைத்தான். ஆனா ஒழிக்கிறதை விட்டிட்டு, எங்கடை ஆள் ஒருத்தரை அதுக்குள்ளை போடச் சொல்லுமன். உங்கடை செனற்றையும் சேத்துத்தான் சொல்லுறன்."

நான் சிரித்தேன். தெற்கு ஒழுங்கையான் ஒருவன் எங்கள் ஐந்து கிழவர்களுக்கு நடுவில் ஆறாவதாக இருப்பதை நினைத்துச் சிரித்தேன். இன்று எழுதும்போது அந்தச் சிரிப்பு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று அது பகிடி என்றுதான் பட்டது. அவன் பகிடி விடவில்லை.

"கெதியாச் செய்யிற வேலை ஒண்டும் எங்கடை ஆக்களுக்கு நல்லதா முடிஞ்சதில்லை, மாஸ்ரர். ஒருத்தனுக்குக் கோபம் வந்து அடுத்த ஒருத்தன் நெருப்புப் பெட்டி எடுக்கிறதுக்கு இடையிலை ஒரு இரா இருந்தாலும் எங்களுக்கு லாபம்தான்" என்றான்.

"நீர் பயந்தாங்கொள்ளி" என்றேன்.

அந்தக் கார்த்திகையில் நிர்வாக சபையில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். ஊரவர் எவரும் வாசிகசாலைக்குள் வந்து இருந்து வாசிக்கலாம். ஒன்பதில் ஆறு பேர் கை உயர்த்தினார்கள். மழை தூறத் தூறச் சைக்கிள் கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் கை கழுவிவிட்டு வந்து, "மேலை போகவேணுமே?" என்று மட்டும் கேட்டான்.

மேலே போனது. திரும்பி வந்தது. ஆறு மாதம் மேசையில் கிடந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. இரண்டு தரமும் கையெழுத்து வைத்தவர் பெரிய கிளாக்கர். இரண்டாந்தரம் நான் அவர் வீட்டுப் படலையில் நின்று கத்தினேன். அவர் சேட்டு மாட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார். கோபக்காரனைச் சந்திக்கவும் அவருக்கு உடுப்பு ஒழுங்கு வேண்டும்.

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லைத் தம்பி. ஆறுதலாச் செய்வம் எண்டுதான் சொல்லுறன். பதறாத காரியம் சிதறாது" என்றார்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மனிதன் ஒரு வாங்கில் இருப்பதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று சொன்ன அந்த ஐந்து பேரையும் நான் இன்றும் மன்னிக்கவில்லை. இதன் பிறகு என்ன எழுதினாலும் இது மாறாது.

எழுபத்தொன்று ஐப்பசி பிறக்கும் முன் கொழும்பில் மேற்சபை இல்லாமல் போனது. செய்தியை வாசித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள் நடந்தேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். நாட்டிலேயே ஒழிந்துவிட்டது, எங்கள் ஊரில் மட்டும் ஏன் குந்தியிருக்க வேண்டும்? நிர்வாக சபையின் தீர்மானங்கள்தான் மேலே போக வேண்டும் என்று யாப்பு சொன்னது, பொதுக்கூட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அன்று பின்னேரமே விசேட பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் எழுதினேன். மேற்சபை ஒழிக்கப்பட வேண்டும். இனிமேல் யாப்பின் எந்தப் பிரிவையும், கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கை உயர்த்தினால், அன்றே மாற்றலாம். 'அன்றே' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன்.

நான் அதை வாசித்துக் காட்டியபோது யன்னலுக்கு வெளியே அவன் சைக்கிளைச் சுவரில் சாத்தினான்.

"இன்னும் எத்தினை நாள் கிடக்கு, மேசையிலை?"

"அஞ்சு கிழமை."

"அஞ்சு கிழமைதானே? பொறுப்பம். அவையின்ரை சட்டத்தாலையே நான் உள்ளுக்கை வருவன். பிறகு என்னை எழுப்பவேணுமெண்டாலும் அவைக்கு ஒரு வருசம் வேணும். ஒரு வருசம் இருந்தா எனக்குக் காணும், அதுக்குள்ளை ஒரு வேலை எடுத்திடுவன். நீர் இப்ப அதை உடைச்சு என்னை உள்ளுக்கை விட்டா, நாளைக்கு அதே ஓட்டையாலை வெளியிலை விடுவினம்."

அவன் சொன்னது எனக்கு விளங்கியது. அதுதான் இத்தனை வருடமாக என்னை அரிக்கிறது. விளங்காமல் செய்திருந்தால் மடையன் என்று என்னை விட்டுவிடலாம். விளங்கியும், இன்னும் ஐந்து கிழமை அந்தக் கிழவர்கள் வென்றதாக நினைத்துக்கொண்டு திரிவார்களே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் வாங்கில் இருப்பதைவிட அவர்கள் கதிரை விழுவது எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. அன்று கேட்டிருந்தால் அப்படி இல்லை என்று சண்டை பிடித்திருப்பேன்.

ஐப்பசியில் நடந்த கூட்டத்துக்கு இளம் ஆட்கள் நிறைய வந்தார்கள். பழைய ஆட்கள் இது வழக்கமான சத்தம் என்று வரவில்லை. பெரிய கிளாக்கர் வந்தார். எழுந்து நின்று, "தம்பி, 'அன்றே' எண்ட அந்த ஒரு சொல்லை எடுத்துவிடும். மிச்சம் முழுக்க நானும் கை உயர்த்திறன். என்ரை சபையையே நீர் ஒழியும்" என்றார். நான் முடியாது என்றேன். ஒரே ஒரு கை எதிராக உயர்ந்தது, அவருடையது. தன் மறுப்பைக் கூட்டக்குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன், சின்ன எழுத்தில்.

அதே கூட்டத்தில் என் பழைய தீர்மானமும் நிறைவேறி, வாசிகசாலைக் கதவு திறந்தது. அடுத்த நாள் அவன் வந்தான். வெள்ளைச் சேட்டு, நகத்துக்குள் இருந்த கிறீசைக் கூடக் கழுவியிருந்தான். வாங்கின் அந்தத்தில், பாதி வெளியே இருப்பது போல இருந்தான். முதல் நாள் பத்திரிகையின் ஒரே பக்கத்தையே அரை மணித்தியாலம் பார்த்தான், பக்கம் திருப்பும் சத்தம் கூடக் கேட்கக் கூடாது என்பதுபோல. இரண்டாம் கிழமை தன் கையால் வர்த்தமானியிலிருந்து ஒரு விளம்பரத்தை ஆறுதலாக, அழகான எழுத்தில், பிரதி பண்ணினான். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஊரில் திரிந்தேன். மேற்சபை பற்றி யார் எங்கே கதைத்தாலும் நடுவில் புகுந்து, ஒழித்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரை வந்து பாருங்கள் என்பேன்.

பங்குனி வெயிலில் அது நடந்தது. ஒரு மத்தியானம் அவன் எழுந்து போய் மூலையிலிருந்த மண்பானையில் செம்பால் தண்ணீர் அள்ளிக் குடித்தான். அவ்வளவுதான். தாகம் எடுத்தவன் குடித்தான். ஆனால் அறையில் இருந்த மூன்று பேர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்கள். ஐப்பசியில் அவனுக்காகக் கை உயர்த்தியவர்கள்தான் மூவரும். அவர்களில் ஒருவனை வழியில் மறித்துக் கேட்டேன்.

"வாசிக்கலாம் எண்டுதான் நாங்கள் போட்டது. தண்ணி குடிக்கலாம் எண்டு போடேல்லை" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குப் பிழையைத் திருத்துகிறவன் மாதிரிச் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசேட பொதுக்கூட்டம் கேட்டார்கள். கேட்க என் யாப்பில் இடமிருந்தது. வாசிகசாலைக்கு ஒரு நாளும் வராத ஆட்கள், பத்திரிகை என்றால் புகையிலை சுற்றுவதற்கு என்று நினைத்தவர்கள், சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வந்து வாங்குகளை நிரப்பினார்கள். ஒரு புகையிலை வியாபாரி தலைவர் கதிரையில் இருந்தார். தீர்மானம் ஒரு வரி. நிர்வாக சபை அனுமதித்தவர் மட்டுமே உள்ளே வரலாம்.

நான் எழுந்து, இது பெரிய மாற்றம், ஆறு மாதமாவது மேசையில் கிடக்க வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வியாபாரி யாப்பைத் திறந்து விரலை வைத்து, நான் எழுதிய பிரிவை எனக்கே வாசித்துக் காட்டினார். கோடு போட்ட சொல்லில் கொஞ்சம் நிறுத்தினார்.

அப்போது பின்வாங்கில் இருந்து பெரிய கிளாக்கர் எழுந்தார். "செயலாளர் சொல்லுறது சரி. ஆறு மாசம் கிடக்கட்டும்" என்றார். ஒரு வருடம் முழுக்க நான் வெறுத்த அதே வசனம், அதே குரல். அந்த மனிதர் அவன் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்திருக்கமாட்டார். அது எனக்கு நிச்சயம். அவர் எழுந்தது அவனுக்காக அல்ல, ஆறு மாதத்துக்காக. ஆனாலும் அந்த அறையில் என்னோடு எழுந்து நின்றது அவர் ஒருவர்தான். கைகள் உயர்ந்தன. ஐப்பசியில் உயர்ந்ததைப்போல இரண்டு மடங்கு. இரண்டு மறுப்புகளைக் கூட்டக்குறிப்பில் எழுதினேன், என்னுடையதையும் அவருடையதையும், ஒரே அளவு எழுத்தில். தேத்தண்ணி வந்தது. பானையை அதற்கு முதலே மாற்றிவிட்டிருந்தார்கள்.

பிறகு நாட்டுக்கும் ஒரு புது யாப்பு வந்தது, ஒரே ஒரு சபையோடு. பழைய யாப்பில் சிறுபான்மையினருக்கென்று இருந்த ஒரு பிரிவும் அதில் இல்லை. அதன் பிறகு இன்னொரு யாப்பு. எண்பதுகளிலும் எங்கள் ஊர்ச் சந்தியில் இந்த வாதம் ஓயவில்லை. மேற்சபை இருந்திருந்தால் இதை மறித்திருக்கும், அதை மறித்திருக்கும் என்பார்கள். ஐம்பத்தாறில் மறித்ததா என்று நான் கேட்பேன். சரி, அப்படியென்றால் ஒழித்தது நல்லதுதானே என்று திருப்பிக் கேட்பார்கள். எழுந்து போய்விடுவேன். எனக்கு இரண்டு பக்கமும் இருக்க முடியவில்லை. நியமனத்தால் வந்தவர்கள் எங்களை மறித்தார்கள் என்ற கோபம் ஆறவில்லை. வோட்டால் வந்தவர்கள் அதைவிடக் கெதியாக அவனை வெளியே விட்டதையும் மறக்க முடியவில்லை. அவன் யன்னலடியில் நின்று சொன்ன யோசனை ஒன்றுதான் எனக்கு மிச்சம். எங்கடை ஆள் ஒருத்தரை அதுக்குள்ளை போடச் சொல்லுமன். அதை நான் சிரித்து அனுப்பியிருந்தேன்.

அந்தப் பங்குனிக் கூட்டம் முடிந்த மறுநாள் பின்னேரம் அவன் வந்தான். சந்திக்குச் செய்தி முதல் நாளே போய்விட்டிருந்தது. வாசலுக்கு வரவில்லை. நேரே யன்னலடிக்கு வந்து, சைக்கிளைப் பழைய இடத்தில் சாத்தினான். சுவரில் அந்த இடத்தில் ஹான்டில் தேய்ந்த தடம் இன்னும் இருந்தது.

"கூட்டம் எத்தினை மணிக்குத் துவங்கினது?" என்று கேட்டான்.

"நாலு மணிக்கு."

"எத்தினைக்கு முடிஞ்சது?"

"நாலரை."

"தேத்தண்ணி குடிச்சதும் சேத்தோ?"

"ஓம்" என்றேன். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் சேட்டுப் பைக்குள் பேனையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"வர்த்தமானி வந்திருந்தா வாசியும். ஒரு வேலை, வாற கிழமை கடைசித் திகதி எண்டு சொல்லிச்சினம்" என்றான். கொப்பியைச் சீற்றில் வைத்தான். "ஆறுதலா வாசியும், மாஸ்ரர். நான் எழுதவேணும்."

வர்த்தமானியை எடுத்துக்கொண்டு யன்னலுக்கு வந்தேன். ஒரு சொல் வாசிப்பேன், அவன் எழுதி முடித்து நிமிரும் வரை நிற்பேன், பிறகு அடுத்த சொல். இருட்டிப் போய் அவன் கொப்பியை மூடும் வரைக்கும் அப்படியே வாசித்தேன்.